ரோரி கல்லகரின் ஸ்ட்ராட்: பெயிண்டைத் தின்றது வியர்வையா, மழையா?

சாணைக்கல்:
நேற்று ஒரு கிட்டார் குழுவில் ஐரிஷ் ப்ளூஸ் ராக் கிட்டாரிஸ்ட் ரோரி கல்லகரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஃபெண்டர் கம்பெனியின் மின் கிட்டார், சுருக்கமாக ஸ்ட்ராட்) படத்தைப் போட்டு ஒருவர் எழுதியிருந்தார்: "ரோரிக்கு அபூர்வமான ரத்த வகை. அதனால் அவர் வியர்வை அமிலம். கிட்டாரின் பெயிண்ட் முழுவதையும் அதுதான் கரைத்தது." கீழே வரிசையாகக் கைதட்டல். எனக்குத் தாங்கவில்லை. இந்தக் கதையை இன்னும் எத்தனை வருஷம் கேட்பது?

ரத்த வகைக்கும் வியர்வையின் அமிலத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மனித வியர்வையில் உப்பு, கொஞ்சம் லாக்டிக் அமிலம், கொஞ்சம் யூரியா, மீதி தண்ணீர். அந்தக் கிட்டாருக்கு உண்மையில் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். டப்ளினில் வேனிலிருந்து திருடிக்கொண்டு போனார்கள். ஐரிஷ் தொலைக்காட்சியில் குற்றங்களைப் பற்றிய போலீஸ் நிகழ்ச்சியில் அறிவித்தார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து ஒரு பள்ளத்தில் கிடைத்தது. அயர்லாந்து மழையில் ஊறிய மரத்தில் பெயிண்ட் நிற்குமா? உரித்தது மழை. இதில் வியர்வையை இழுப்பது ரசிகர்கள் கட்டிய கதை.

பட்டறைக்காரன்:
சாணைக்கல் தம்பி, ரத்தத்தை விட்டுவிடு. வியர்வையை விடாதே. நான் கிட்டார் பழுது பார்த்துச் சாப்பிடுகிறவன், அடித்துச் சொல்கிறேன்.

ரோரியின் கிட்டார் சன்பர்ஸ்ட், அதாவது நடுவில் மஞ்சளாகத் தொடங்கி ஓரம் போகப் போகக் கருக்கும் நிறம். அந்தக் காலத்தில் ஃபெண்டர் அதற்கு அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். நம் ஊர்த் தச்சர்கள் என்.சி. லாக்கர் என்கிறார்களே, அந்தக் குடும்பம்தான். காய்ந்துவிட்டால் கல்லாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். எத்தனை வருஷமானாலும் தின்னர் பட்டால் இளகும். நாளாக ஆகச் சுருங்கும். குளிரில் நூல் நூலாக வெடிப்பு விழும். கை படுகிற இடத்தில் பிசுபிசுக்கும். என் மேசைக்கு வரும் பழைய நைட்ரோ கிட்டார்களில் முன்கை உட்காரும் விளிம்பை நகத்தால் கீறினால் சுருள் சுருளாக வரும். அதே கிட்டாரின் மறுபக்கத்தில் நகம் வழுக்கிக்கொண்டு போகும்.

இன்னொன்று. சில பேர் கையில் ஒரே கச்சேரியில் கம்பி கறுத்துவிடும். கம்பிகள் உடம்பில் உட்காரும் பிரிட்ஜில் இருக்கும் குட்டித் திருகுகள் துருவேறி ஆலன் சாவி உள்ளேயே போகாது. அதே கம்பி இன்னொருத்தர் கையில் மாதக்கணக்கில் பளபளவென்று இருக்கும். வியர்வை ஆளுக்கு ஆள் மாறும். ரோரியின் கச்சேரிக் காணொளி ஏதாவது ஒன்றைப் பார், அந்தக் கட்டம் போட்ட சட்டை பாதிக் கச்சேரியில் உடம்போடு ஒட்டியிருக்கும். அந்தச் சட்டையும் கையும்தான் வருஷக்கணக்கில் அந்த மரத்தின் மேல் உட்கார்ந்தன.

சாணைக்கல்:
கம்பி இரும்பு, அது துருப்பிடிக்கும். லாக்கர் இரும்பா? நைட்ரோசெல்லுலோஸைச் சிதைப்பதில் காரத்துக்குத்தான் வேகம் அதிகம், நீர்த்த அமிலத்துக்கு அது ஓரளவு தாக்குப் பிடிக்கும். "அமில வியர்வை" என்று சொல்கிறவர்கள் வேதியியலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கிட்டார் ஏறக்குறைய இரண்டு வாரம் மழையில் கிடந்தது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கார்க்வாசி:
நான் கார்க் நகரத்தில் இருக்கிறேன். ரோரி வளர்ந்த ஊர். 1963 ஆகஸ்டில் மெர்ச்சண்ட்ஸ் கீ பகுதியில் இருந்த கிரௌலி கடையில் அந்தக் கிட்டாரை வாங்கினார். வயது 15. விலை கிட்டத்தட்ட 100 பவுண்டு. ஷோபேண்டில் (நடனக் கூடங்களில் வாசிக்கும் குழு) வாசித்துச் சம்பாதித்துத் தவணையில் கட்டினார். அந்தக் காலத்தில் ஒரு ஐரிஷ் குடும்பத்துக்கு 100 பவுண்டு என்றால் என்ன என்று இங்கே எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வியர்வையைப் பற்றிப் பேசியது வேறு யாரும் இல்லை, அவர் தம்பி டோனல்தான். நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். கிட்டாரைத் தோளில் சுமந்து உலகம் முழுக்கக் கூடவே போனவர். அவரை விட உங்களுக்கு அதிகம் தெரியுமா, சாணைக்கல்? அயர்லாந்துக்கு வந்த முதல் ஸ்ட்ராட் என்று அதைச் சொல்வார்கள். அதைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் மரியாதை வேண்டும்.

தந்திமீனா:
இரண்டே கேள்வி. ஒன்று: "வியர்வை" என்று சொல்லும்போது லாக்கரைக் கரைத்தது என்கிறீர்களா, ஈரமாக்கி இளக வைத்ததால் சட்டையும் கையும் தேய்த்து எடுத்தன என்கிறீர்களா? இரண்டும் வேறு வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுச் சண்டை போடலாம்.

இரண்டு: காணாமல் போனது ஏறக்குறைய இரண்டு வாரம். அத்தனை நாளும் பள்ளத்திலேயே மழையில் கிடந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? திருடன் கையில் எத்தனை நாள், பள்ளத்தில் எத்தனை நாள்? முதல் நாளே தூக்கி எறிவதற்கு அதைத் திருடியிருக்கவே வேண்டாமே.

சாணைக்கல்:
பள்ளத்தில் கிடந்தது. மழை பெய்தது. ஈரத்தில் கிடந்த மரம் ஊதும், காயும்போது சுருங்கும். மேலே இருக்கும் லாக்கர் அதோடு சேர்ந்து ஊதாது. அதனால் பெயர்ந்தது. இது எந்தத் தச்சரைக் கேட்டாலும் சொல்வார்.

நீலக்கம்பி:
ஆளாளுக்கு வியர்வை, மழை என்று எழுதுகிறீர்கள். அமெரிக்க ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் "நம்பர் ஒன்" என்று கூப்பிட்ட ஸ்ட்ராட்டைப் பாருங்கள். அதுவும் அறுபதுகளின் ஆரம்பம், அதுவும் சன்பர்ஸ்ட். டெக்ஸஸ்காரர், மேடையில் வியர்வையில் நனைந்தே நிற்பார், கம்பியும் தடிமன், அடியும் பலம். அந்தக் கிட்டாரில் எங்கே தேய்ந்திருக்கிறது? முன்கை உட்காரும் மேல் வளைவிலும் பிக் (கம்பி மீட்டும் சின்னத் துண்டு) உரசும் இடத்திலும். மற்ற இடத்தில் நிறம் இருக்கிறது. கை பட்ட இடத்தில் போகும், படாத இடத்தில் நிற்கும், அதுதான் நியாயமான தேய்மானம். ரோரியுடையது முன்பக்கம் முழுக்க மொட்டை. கை படாத கீழ் வளைவிலும் ஒன்றும் இல்லை. அப்படிப் போவதற்கு ஒரே வழிதான் உண்டு, சாண்ட் பேப்பர்.

கார்க்வாசி:
இதை எங்கள் ஊரில் வந்து சொல்லிப் பாருங்கள்.

பட்டறைக்காரன்:
நீலக்கம்பி, வாயை அடக்கிப் பேசவும். சாண்ட் பேப்பர் போட்ட உடம்பு எப்படி இருக்கும் என்று தெரியுமா? ஒரே சீராக இருக்கும், விளிம்பில் தேய்த்த திசை தெரியும். ரோரியின் கிட்டாரில் அப்படி இல்லை. விளிம்பு ஓரங்களில் அடர் பழுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கங்கே திட்டுத் திட்டாக நிறம் மிச்சம் இருக்கிறது. வெறும் மரம் என்று நீ சொல்லும் இடத்தில் கை அழுக்கும் எண்ணெயும் ஏறிச் சாம்பலும் பழுப்புமாக நிற்கிறது.

சன்பர்ஸ்ட் எப்படி அடிப்பார்கள்? நடுவில் மஞ்சள், அதைச் சுற்றிச் சிவப்பு, ஓரத்தில் அடர் பழுப்பு, கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் பூச்சு. நடுவில் நிறப் பூச்சு மெல்லிசு, ஓரத்தில் கனம். தேய்ந்தால் நடு முதலில் போகும், ஓரம் கடைசியில். படத்தில் இருப்பது அதேதான்.

இப்போது சாணைக்கல் தம்பிக்கு. 1970இல் ரோரி தன் டேஸ்ட் குழுவோடு இங்கிலாந்தின் வைட் தீவு இசை விழாவில் வாசித்த காணொளியைப் பார். நிறம் இன்னும் மிச்சம் இருக்கிறது. 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் என்று சுற்றினாரே, ஐரிஷ் டூர் படம், அதில் இன்னும் குறைவு. கிட்டார் திருடு போனது அதற்கெல்லாம் பல வருஷம் முன்னால். மழை ஒரு தடவை. உரிதல் வருஷக்கணக்கில். ஒரு தடவை பெய்த மழை பத்து வருஷம் தவணையில் உரிக்குமா? வியர்வைதான்.

சாணைக்கல்:
உரிக்கும். மழையில் ஓதம் ஏறிய சுவரைப் பார்த்ததில்லையா? மழை நின்று வெயில் வந்த பிறகும் சுண்ணாம்பு வருஷக்கணக்கில் பொருக்குப் பொருக்காக உதிரும். தொடங்கி வைத்தது அந்தப் பள்ளம். அதற்குப் பிறகு வியர்வை, சட்டைப் பொத்தான், பிக் என்று எது பட்டாலும் உரியும். காரணம் என்று கேட்டால் முதல் காரணத்தைத்தான் சொல்ல வேண்டும். மழை.

அப்புறம், நான் யாருக்கும் தம்பி இல்லை. எனக்குப் பேர் வைத்திருக்கிறேன், அதைச் சொல்லிக் கூப்பிடலாம்.

தந்திமீனா:
என் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சாணைக்கல் இப்போது எழுதியிருப்பதும் பட்டறைக்காரர் முதலில் எழுதியதும் கிட்டத்தட்ட ஒரே விஷயம்: லாக்கர் பலவீனமானது, உடம்பு பட்டுப் போனது. பலவீனப்படுத்தியது எது என்பதில்தான் வித்தியாசம். கரைத்ததா, தேய்த்ததா?

பட்டறைக்காரன்:
மீனா தம்பி, இது புத்தகப் படிப்பு விஷயம் இல்லை. கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். வியர்வை.

தந்திமீனா:
நான் பெண். பெயரிலேயே இருக்கிறது. ஸ்ட்ராட்டும் கையில் எடுத்திருக்கிறேன், மேடையிலும் வாசித்திருக்கிறேன். இங்கே கேள்வி கேட்கிற எல்லோரையும் தம்பி ஆக்கிவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறீர்கள்.

நீலக்கம்பி:
அதேதான். ட்ரெபிள் பூஸ்டர் விவாதத்திலும் இதையே செய்தார். ரோரி தன் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் டாலஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டரை (கிட்டாரின் உச்ச ஒலியைத் தூக்கும் பெட்டி) வைத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நான் அதில் இருக்கும் ஓசி44 என்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரைப் பற்றி ஒரு வரி எழுதினேன். "உன் வயசுக்கு ஜெர்மேனியத்தைப் பற்றி என்ன தெரியும்" என்று வந்தார். அதற்குப் பிறகு அந்த இழையில் அவர் மட்டும்தான் எழுதினார்.

பட்டறைக்காரன்:
எழுத வேண்டியிருந்தது, எழுதினேன். நீ அன்றைக்கும் வெப்பத்தில் ஜெர்மேனியத்தின் கசிவு மின்னோட்டம் ஏறும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. இன்றைக்கும் வியர்வையைக் கணக்கில் எடுக்கவில்லை.

சரி, வியர்வைக்கு இன்னொரு சாட்சி. அந்தக் கிட்டாரின் கழுத்து. மேப்பிள் மரம், மேலே ரோஸ்வுட் பலகை. ரோரியின் வியர்வையை உறிஞ்சி உறிஞ்சி அது வளைந்துபோய், கழற்றி வைத்துவிட்டு வேறு கழுத்து போட்டு வாசித்தார்கள். நாளாகிக் காய்ந்ததும் பழையதையே மறுபடி மாட்டினார்கள். வியர்வைக்குக் கழுத்தையே வளைக்கிற பலம் இருந்தால், அதில் பாதி கனம்கூட இல்லாத லாக்கரை விட்டுவைக்குமா?

சாணைக்கல்:
பள்ளத்தில் கிடந்தபோதே ஈரம் குடித்த கழுத்து அது. மழையின் வேலையை வியர்வையின் கணக்கில் எழுதுகிறீர்கள்.

பட்டறைக்காரன்:
கழுத்தைக் கழற்றியது எப்போது, மழை எப்போது? நடுவில் எத்தனை வருஷம்? எண்ணத் தெரியாதா?

நீலக்கம்பி:
கழுத்தைக் கழற்றி மாட்டியாயிற்று. கம்பி முறுக்கும் ட்யூனர்களில் ஐந்து ஸ்பெர்ஸெல் கம்பெனி, ஒன்று கோட்டோ கம்பெனி. கழுத்தில் 12வது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை) களிமண் நிறப் புள்ளி ஒன்று விழுந்து பிளாஸ்டிக் புள்ளி வைத்திருக்கிறார்கள். ஃப்ரெட் எத்தனையோ தடவை மாற்றியாயிற்று. பெயிண்டும் இல்லை. பிறகு எதற்கு இதை "1961 ஸ்ட்ராட்" என்று சொல்லிக் கொண்டாடுகிறீர்கள்? 2024 அக்டோபரில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 889,400 பவுண்டு கொடுத்தார்கள். எதற்குக் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கார்க்வாசி:
உங்கள் ஆளின் நம்பர் ஒன் மட்டும் கடையில் இருந்து வந்தபடியே இருக்கிறதா? அதன் கழுத்தும் மாறியதுதானே? எரிக் கிளாப்டனின் பிளாக்கி என்ற கிட்டார் மூன்று ஸ்ட்ராட்டுகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டியது. 2004இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 959,500 டாலருக்குப் போனது. அப்போது எங்கே போனது இந்தக் கேள்வி? வாங்கியவர் பிக்கப்புக்கும் ட்யூனருக்கும் காசு கொடுக்கவில்லை. ஒரு மனிதர் 15 வயதில் வாங்கி, 1995இல் 47 வயதில் சாகும்வரை விற்காமல் வைத்திருந்தாரே, அதற்குக் கொடுத்தார்.

எனக்கு வேறு வருத்தம். ஏலத்தில் எடுத்தவர்கள் அதை அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் டப்ளினுக்குப் போய்விட்டது. அது இருக்க வேண்டிய இடம் கார்க். வாங்கியது கார்க், கற்றது கார்க், ரோரி புதைக்கப்பட்டிருப்பது கார்க்குக்குப் பக்கத்தில் பாலின்காலிக்கில். அதை மீட்டுக் கார்க்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று முயன்றவர் கிட்டாரை விற்ற அந்தக் கடைக்காரரின் மகளே. டப்ளின் அந்தக் கிட்டாருக்குச் செய்தது ஒன்றுதான், திருடியது.

சாணைக்கல்:
நன்றி. டப்ளினில் திருடு போனது, பள்ளத்தில் கிடந்தது என்று கார்க்வாசியே ஒத்துக்கொண்டுவிட்டார்.

கார்க்வாசி:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. திருட்டை மட்டும்தான் சொன்னேன். பெயிண்ட் போனது வியர்வையால். தம்பி டோனல் சொன்னதுதான் எனக்குக் கடைசி வார்த்தை.

தந்திமீனா:
ரோரி பிறந்தது டொனிகாலில் பாலிஷேனன். அங்கே சிலை இருக்கிறது. சின்ன வயதில் டெர்ரியிலும் இருந்திருக்கிறார். பெல்ஃபாஸ்டில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் வேறு பெரிய குழுக்கள் வரத் தயங்கியபோது அல்ஸ்டர் ஹாலில் வந்து வாசித்தவர், அங்கேயும் சிலை வைத்திருக்கிறார்கள். அவரைக் கார்க்குக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்க வேண்டாம். அப்புறம் "அயர்லாந்தின் முதல் ஸ்ட்ராட்" என்கிறீர்களே, அதை வரவழைத்தது ரோரி இல்லை. ராயல் ஷோபேண்டின் ஜிம் கான்லன். அந்தக் குழு வாட்டர்ஃபோர்டு. அவர் கேட்டது சிவப்பு, வந்தது சன்பர்ஸ்ட். சிவப்பு வரும்வரை இதை வாசித்தார், வந்ததும் இது செகண்ட் ஹேண்டாகக் கடைக்குப் போனது. முதல் என்று பெருமைப்பட வேண்டுமானால் வாட்டர்ஃபோர்டு பெருமைப்படட்டும்.

கார்க்வாசி:
வாட்டர்ஃபோர்டுக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கார்க்காரர் எடுத்து உலகப் புகழ் ஆக்கினார். முதல் என்றால் அதுதான் முதல்.

மட்டுறுத்துநர்:
ஊர்ச் சண்டைக்குத் தனி இழை தொடங்கவும். இங்கே கிட்டாரைப் பற்றி மட்டும்.

பட்டறைக்காரன்:
நான் கிட்டாரைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். முதலிலிருந்து.

மழைக் கட்சிக்குக் கடைசியாக ஒன்று சொல்கிறேன். ஐப்பசி கார்த்திகையில் என்.சி. லாக்கர் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்றில் ஈரம் இருந்தால் அடிக்கும்போதே வெள்ளை பூத்துவிடும். அது புது லாக்கர். காய்ந்த லாக்கரில் ஈரம் ஏறினால் பால் நிறமாகப் பூக்கும், வெடிப்பு வழியாக மரத்துக்குள் போய் அங்கங்கே கொப்புளம் தூக்கும். அப்படி உரிந்தால் ஓடு ஓடாகப் பெயரும், பெயர்ந்த இடத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். ரோரியின் கிட்டாரில் விளிம்புகள் மெலிந்து மெலிந்து மரத்தோடு கலந்து முடிகின்றன. கையும் துணியும் ஈரமும் சேர்ந்து வருஷக்கணக்கில் வழித்தால் மட்டும்தான் அந்த மாதிரி வரும். இதைத் தெரிந்துகொள்ள ரத்தப் பரிசோதனையும் வேண்டாம், தொலைக்காட்சிப் போலீஸ் நிகழ்ச்சியும் வேண்டாம். மரத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். தெரியாதவர்கள் பேசாமல் இருக்கலாம்.

தந்திமீனா:
"கையும் துணியும் ஈரமும் சேர்ந்து வழித்தால்." ஆக, கரைக்கவில்லை, தேய்த்தது. இதைத்தானே முதலில் கேட்டேன்?

பட்டறைக்காரன்:
நான் முதலிலேயே சொன்னேன். வியர்வை.

நீலக்கம்பி:
ஃபெண்டரின் தனிப் பட்டறையான கஸ்டம் ஷாப் அந்தக் கிட்டாரின் நகலைச் செய்து விற்கிறது. பெயிண்டை உரித்துத்தான் விற்கிறார்கள். அவர்கள் ஆள் வைத்து வியர்வை சிந்தவில்லை, தேய்த்து எடுத்தார்கள். தேய்த்து எடுத்தால் பார்க்க அச்சு அசலாக அப்படியே வருகிறது என்றால் என்ன அர்த்தம்? சாண்ட் பேப்பர்.

கார்க்வாசி:
நகலைக் காட்டி அசலின் மேல் பழி போடும் ஆளை இன்றுதான் பார்க்கிறேன். அந்த நகலின் மேல் உங்களுக்குக் கோபம் இருந்தால் அதை வாங்குகிறவர்களிடம் காட்டுங்கள்.

பட்டறைக்காரன்:
அச்சு அசலாக வருகிறது என்று யார் சொன்னது? அந்த நகல் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. கீழ் வளைவில் மிச்சம் விட்டிருக்கும் திட்டுகளைப் பார்த்தாலே கருவி பட்டது தெரிகிறது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குப் போடுகிறேன், பார்த்துவிட்டுப் பேசு.

சாணைக்கல்:
போடுங்கள். கூடவே பள்ளத்தில் கிடந்து எடுத்த கிட்டார் ஒன்றின் படத்தையும் போடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏறக்குறைய இரண்டு வாரம் மழையில் கிடந்த நைட்ரோ லாக்கரை இந்த இழையில் யாரும் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை. பார்க்காமலேயே எல்லோரும் வியர்வை வியர்வை என்கிறீர்கள்.

பட்டறைக்காரன்:
நீ மட்டும் பார்த்தாயா?